மஞ்சள் சீட்டின் கணக்கு எங்கே? மாநிலத் தேர்தல் ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: தமிழ்நாடு மாநிலத் தேர்தல் ஆணையர் அவர்கள்
பார்வைக்கு: செயலாளர், ஊரக வளர்ச்சி மற்றும் ஊராட்சித் துறை
பொருள்: மாவட்ட ஊராட்சி வார்டுகளின் எல்லை, ஒதுக்கீடு, வாக்கு விவரங்களைத் தொடர்ச்சியாக வெளியிடக் கோருதல், பதவிக்காலம் முடியுமுன் தேர்தல் நடத்தக் கோருதல்

ஆணையர் அவர்களுக்கு,

2019-ல் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களின் ஊரக உள்ளாட்சிப் பிரதிநிதிகளுக்கு 2025 ஜனவரி 5-ம் தேதியோடு பதவிக்காலம் முடிந்தது. அதற்குள் தேர்தல் நடந்திருக்க வேண்டும். நடக்கவில்லை, பிரதிநிதிகளின் இடத்தில் அரசு நியமித்த தனி அலுவலர்கள் வந்து அமர்ந்தார்கள். ஊராட்சிகள் பலவற்றை மாநகராட்சி, நகராட்சிகளோடு சேர்ப்பதால் வார்டுகளை மறுவரையறை செய்ய வேண்டியிருக்கிறது என்பது சொல்லப்பட்ட காரணம். எல்லையை மாற்ற வேண்டிய இடத்தில் மாற்றத்தான் வேண்டும், அதில் எங்களுக்கு வழக்கில்லை. மறுவரையறையைச் சொல்லித் தேர்தலைத் தள்ளுவதையும், ஒவ்வொரு மறுவரையறையிலும் பழைய வார்டு தடம் தெரியாமல் போவதையும்தான் எங்களால் ஏற்க முடியவில்லை. இரண்டும் தனித்தனிக் குறைகள் போலத் தோன்றலாம். மாவட்ட ஊராட்சி வார்டைப் பொறுத்தவரை அவை ஒன்றுதான்.

கிராமத்து வாக்காளர் கையில் உள்ளாட்சித் தேர்தலன்று நான்கு சீட்டுகள் கொடுக்கிறார்கள். ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு வெள்ளை அல்லது நீலம், தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றிய கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்ட கவுன்சிலருக்கு மஞ்சள். முதல் இரண்டில் கட்சிச் சின்னம் கிடையாது. ஆளைத் தெரியும், தெருவைத் தெரியும். பச்சையிலும் மஞ்சளிலும் கட்சி வந்துவிடுகிறது. ஒன்றிய வார்டு ஏறக்குறைய 5,000 பேருக்கு ஒன்று. மாவட்ட வார்டு ஏறக்குறைய 50,000 பேருக்கு ஒன்று. அதாவது மஞ்சள் சீட்டில் நிற்பவரை வாக்காளர்களில் பெரும்பாலோர் நேரில் பார்த்திருக்க மாட்டார்கள். அவர் எப்படிப்பட்டவர், இதற்கு முன் இந்த வார்டில் யார் ஜெயித்தார், எவ்வளவில் ஜெயித்தார், ஐந்து வருடம் என்ன செய்தார் என்று சொல்லக் கூடியது பதிவு ஒன்றுதான். அந்தப் பதிவுதான் கிடைப்பதில்லை.

எங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு மாவட்ட ஊராட்சியை எடுத்துக்கொண்டு சொல்கிறோம்: பழைய திருநெல்வேலி. அம்பாசமுத்திரம், வள்ளியூர் முதல் செங்கோட்டை, குருவிகுளம் வரை 19 ஊராட்சி ஒன்றியங்கள் இருந்த மாவட்டம் அது. இன்று அது இரண்டு. திருநெல்வேலியில் 9 ஒன்றியங்கள், 12 மாவட்ட வார்டுகள். தென்காசியில் 10 ஒன்றியங்கள், 14 மாவட்ட வார்டுகள்.

1994-ம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தின் கீழ் முதல் தேர்தல் 1996 அக்டோபரில் நடந்தது. அடுத்து 2001, 2006, 2011. நான்குமே அக்டோபர் மாதம். நான்குமே சட்டமன்றத் தேர்தல் முடிந்து ஐந்தே மாதத்தில். கோட்டையில் புதிதாக உட்கார்ந்த கட்சியின் அலை அடங்குவதற்குள் மாவட்ட கவுன்சிலர் தேர்தல் வந்துவிடும். அதனால் அந்த நான்கு முடிவுகளையும் வார்டின் சொந்தத் தீர்ப்பு என்று எடுத்துக்கொள்வதில் எப்போதுமே ஒரு தயக்கம் உண்டு.

2016-ல் சங்கிலி அறுந்தது. அக்டோபர் 17, 19 என்று தேதி அறிவித்து வேட்புமனுவும் வாங்கிய பிறகு, இட ஒதுக்கீட்டிலும் அறிவிக்கை வெளியிட்ட முறையிலும் குறை கண்ட சென்னை உயர் நீதிமன்றம் அக்டோபர் 4 அன்று அந்தத் தேர்தலை ரத்து செய்தது. அக்டோபர் 24-ம் தேதியோடு பழைய பிரதிநிதிகள் வெளியேறினார்கள். 2017-ல் மறுவரையறை ஆணையம் அமைந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி புதிய வார்டுகள் வந்தன. அவற்றில் தேர்தல் நடப்பதற்குள் 2019-ல் மாவட்டங்களே பிரிந்தன. தென்காசி 2019 நவம்பர் 22 அன்று தனி மாவட்டமானது. இரண்டு வாரத்தில், டிசம்பர் 6 அன்று, பிரிக்கப்பட்ட 9 மாவட்டங்களையும் ஒதுக்கிவைத்துவிட்டு மற்றவற்றில் தேர்தல் நடத்தலாம் என்றது உச்ச நீதிமன்றம். அப்படித்தான் 27 மாவட்டங்கள் 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் வாக்களித்தன.

ஒதுக்கிவைக்கப்பட்ட காஞ்சிபுரம், செங்கல்பட்டு, வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி, திருநெல்வேலி, தென்காசி ஆகிய ஒன்பதுக்கும் மறுவரையறைக்குக் கொடுத்த கெடு நான்கு மாதம். அந்தக் கெடு ஓடிப்போனது. உச்ச நீதிமன்றம் மறுபடியும் கெடு வைத்த பிறகுதான் 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில் தேர்தல் நடந்தது. அக்டோபர் 20 அன்று பதவியேற்றார்கள். 2016 அக்டோபர் 24 முதல் 2021 அக்டோபர் 20 வரை என்றால் நான்கு நாள் குறைய ஐந்து ஆண்டு. முழுப் பதவிக்காலம் ஒன்று அப்படியே விழுந்துவிட்டது. செங்கோட்டையிலும் நாங்குநேரியிலும் ஒரு மாவட்ட வார்டின் வரலாற்றை எழுத உட்கார்ந்தால் 2011-க்கும் 2021-க்கும் நடுவே எழுத ஒன்றுமே இல்லை.

இந்தப் பிளவால் மாநில அளவிலும் கணக்கு கோணியது. மாவட்ட வார்டுகள் மொத்தம் 655. அவற்றில் 515-க்கு அ.தி.மு.க. ஆட்சியில், 2019 டிசம்பரில் தேர்தல் நடந்தது, தி.மு.க. 243, அ.தி.மு.க. 214 என்று கிட்டத்தட்ட சரிசமமாக முடிந்தது. மீதி 140-க்கு ஆட்சி மாறி ஐந்து மாதத்தில் நடந்தது, தி.மு.க. கூட்டணி 138, அ.தி.மு.க. 2. இரண்டையும் கூட்டி “655-ல் இவ்வளவு” என்று ஒரு பட்டியல் போட்டால் அதற்கு என்ன பொருள்? தென்காசி வாக்காளர் தேனி வாக்காளரைவிட அவ்வளவு வேறுபட்டவரா, இல்லை 22 மாத இடைவெளிதான் வித்தியாசமா? பிரித்துப் பார்க்க எந்த வழியும் இல்லை.

எல்லா மாவட்டங்களுக்கும் ஒரே நேரத்தில் நடத்திவிட்டால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும் என்கிறார்கள். ஒன்பது மாவட்டங்களின் பதவிக்காலம் முடிவது 2026 அக்டோபர். அதோடு மற்ற 27-ஐயும் சேர்த்துக் கட்டினால் மறுபடியும் சட்டமன்றத் தேர்தலுக்கு ஐந்து மாதம் கழித்து என்ற பழைய இடத்துக்கே எல்லோரும் போய்ச் சேருவோம். யாருடைய நோக்கத்தையும் நாங்கள் சந்தேகிக்கவில்லை. ஆனால் விளைவு இதுதான் என்று தெரிந்தே முடிவெடுங்கள்.

இனி வார்டுக்குள் வருவோம். 2011-ல் ஒரு மாவட்ட ஊராட்சியின் 5-வது வார்டில் ஒரு கட்சி ஜெயித்தது, 2021-ல் 5-வது வார்டில் இன்னொரு கட்சி ஜெயித்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். செய்தியில் “கைமாறியது” என்று வரும். எண் ஒன்றுதான், தரை வேறு. எல்லையை மாற்றும்போது எண்களும் புதிதாகவே போடப்படுகின்றன. பழைய 5-ல் இருந்த ஊராட்சிகள் புதிய 3, 4, 6 என்று சிதறிக் கிடக்கலாம். எண்ணை வைத்து ஒப்பிடுவது சர்வே எண்ணைப் பார்க்காமல் கதவு எண்ணை வைத்து நிலம் வாங்குவது மாதிரி.

சரியாக ஒப்பிட வேண்டுமானால் முறை இருக்கிறது. ஒவ்வொரு மறுவரையறைக்கும் அரசிதழில் வந்த வார்டு அட்டவணையை எடுத்து, வார்டு வாரியாகக் கிராம ஊராட்சிகளின் பெயரை எழுத வேண்டும். ஊராட்சிப் பெயர் போதாது. ஒன்றியத்தின் பெயரும் வேண்டும், ஏனென்றால் ஒரே பெயரில் ஊராட்சிகள் உண்டு. ஒவ்வோர் ஊராட்சிக்கும் 2011 மக்கள்தொகையை நேரே எழுத வேண்டும். பேரூராட்சியாகவோ நகராட்சியோடு சேர்ந்தோ பட்டியலை விட்டுப் போனவற்றைத் தனியே குறிக்க வேண்டும். பிறகு பழைய வார்டுக்கும் புதிய வார்டுக்கும் பொதுவான ஊராட்சிகளை மட்டும் எடுத்து அவற்றில் விழுந்த வாக்கை ஒப்பிட வேண்டும். பழைய வார்டில் 18 ஊராட்சிகள், அவற்றில் 11 புதிய வார்டில் தொடர்கின்றன என்றால் அந்த 11 மட்டும்தான் கணக்கில் வரும்.

இதில் கடைசிப் படிதான் முடியாது. காரணம், மஞ்சள் சீட்டின் வாக்கு ஊராட்சி வாரியாகப் பொதுமக்கள் கைக்கு வருவதில்லை. சட்டமன்றத் தேர்தலுக்குப் படிவம் 20 இருக்கிறது. எந்த வாக்குச்சாவடியில் எந்த வேட்பாளருக்கு எத்தனை என்று யாரும் பார்க்கலாம். மாவட்ட வார்டுக்கு வேட்பாளர், கட்சி, மொத்த வாக்கு என்ற மூன்று பத்தியோடு முடிந்துவிடுகிறது. 50,000 பேர் வாழும் இடம் ஒரே வரியாகச் சுருங்கிவிடுகிறது.

எண்ணிக்கை மேசையில் அந்த விவரம் இல்லாமல் இல்லை. பெட்டியைத் திறந்ததும் நான்கு நிறமும் கலந்து கொட்டுகின்றன. முதல் வேலை நிறம் பிரிப்பது. பிறகு நிறத்துக்கு நிறம் எண்ணி ஐம்பது ஐம்பதாகக் கட்டுகிறார்கள். வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் எழுதிக் கொடுத்த வாக்குச்சீட்டுக் கணக்கோடு எண்ணிக்கை ஒத்துப்போக வேண்டும். அந்த நேரத்தில் இன்ன சாவடியின் மஞ்சள் சீட்டு இத்தனை என்பது எழுத்திலேயே இருக்கிறது. அதற்குப் பிறகு கட்டுகள் ஒன்றோடொன்று கலந்து, மாவட்ட வார்டின் சுற்றுக்குப் போய்விட்டால், எந்தக் கட்டு எந்த ஊருடையது என்று எவராலும் சொல்ல முடியாது. ஊராட்சித் தலைவருக்கான இளஞ்சிவப்புச் சீட்டை ஊராட்சி வாரியாகத்தான் எண்ணியாக வேண்டும். மஞ்சளையும் அதே மேசையில், அதே ஊராட்சியோடு எண்ணி ஒரு தாளில் எழுதினால் போதும். புதிதாக ஆள் வேண்டாம், இயந்திரம் வேண்டாம். ஒரு படிவம் வேண்டும், அவ்வளவுதான். சின்ன ஊரில் யார் யாருக்குப் போட்டார் என்று தெரிந்துவிடும் என்ற அச்சம் நியாயமானதே. அதனால்தான் சாவடி வாரியாகக் கேட்காமல் ஊராட்சி வாரியாகக் கேட்கிறோம்.

செல்லாத வாக்கையும் இதே தாளில் சேர்க்க வேண்டும். நான்கு சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு மறைப்புக்குள் போகிறவர் மூன்றில் முத்திரை வைத்துவிட்டு மஞ்சளை வெறுமனே மடித்துப் போடுவது உண்டு. வேட்பாளர் அதிகமானால் மஞ்சள் சீட்டு நீளும். இரண்டு சின்னத்துக்கு நடுக்கோட்டில் முத்திரை விழும். சிலர் இரண்டு இடத்தில் வைப்பார்கள். மை காயுமுன் மடித்ததால் எதிர்ப்பக்கத்தில் படிந்த நகல் மட்டும் செல்லாததற்குக் காரணமாகாது. அசல் முத்திரை எதில் என்று தெளிவாக இருந்தால் அது செல்லும். இது தெரியாமல் மேசையில் தகராறு நடக்கும். வெற்றுச் சீட்டு இத்தனை, இரட்டை முத்திரை இத்தனை, கோட்டில் விழுந்தது இத்தனை என்று பிரித்து எழுதினால், அடுத்த தேர்தலுக்கு எந்த ஒன்றியத்தில் எதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று உங்களுக்கே தெரியும்.

ஒதுக்கீட்டுக்கு வருகிறோம். பட்டியல் சாதியினர் விகிதம் அதிகமுள்ள வார்டிலிருந்து இறங்குவரிசையில் ஒதுக்கி, பிறகு சுழற்சியில் அடுத்ததற்கு நகர்த்துவது முறை. பெண்களின் பங்கு 2016-ல் மூன்றில் ஒன்றிலிருந்து பாதியானது. இரண்டும் நல்லவை. ஆனால் எல்லை மாறினால் விகிதம் மாறும், வரிசை மாறும், சுழற்சி முதலிலிருந்து தொடங்கும். ஏற்கெனவே ஒதுக்கீட்டில் இருந்த ஊர்களே மறுபடி ஒதுக்கீட்டுக்குள் வரலாம். சில ஊர்கள் ஒருமுறைகூட வராமலே போகலாம். வார்டுக்கு வரலாறு இல்லாததால் இதைச் சொல்லி ஆட்சேபிக்கவும் முடியாது. “இது புதிய வார்டு” என்று ஒரே வரியில் பதில் வந்துவிடும்.

வாக்காளர் பட்டியலிலும் இதே கதை. உள்ளாட்சிக்கான பட்டியல் சட்டமன்றப் பட்டியலிலிருந்து எடுக்கப்படுகிறது. அங்கே பாகம் பாகமாக இருப்பதை இங்கே ஊராட்சி வார்டு வாரியாக வெட்டி அடுக்க வேண்டும். வெட்டு தெருவின் நடுவே விழுந்தால் எதிரெதிர் வீட்டுக்காரர்கள் வெவ்வேறு வார்டுக்குப் போவார்கள், அது சரி. ஒரே வீட்டில் அப்பா ஒரு வார்டிலும் மகன் ஒரு வார்டிலும் போவதுதான் தவறு. சட்டமன்றப் பட்டியலின் பாக எண்ணையும் வரிசை எண்ணையும் உள்ளாட்சிப் பட்டியலில் பக்கத்திலேயே அச்சிட்டால் இந்தத் தவறை எந்த ஊராட்சியிலும் ஒரு மாலைப் பொழுதில் கண்டுபிடித்துவிடலாம்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைத் தாங்கள் அறிவீர்கள். ஆனாலும் எழுத்தில் இருக்கட்டும். அரசியலமைப்பின் 243-ஈ பிரிவு, ஐந்தாண்டு முடியுமுன் தேர்தல் முடிந்திருக்க வேண்டும் என்கிறது. வார்டு வரையறை முடியவில்லை என்பது தேர்தலைத் தள்ளக் காரணமாகாது என்று 2006-ல் கிஷன்சிங் தோமர் வழக்கில் அகமதாபாத் மாநகராட்சி குறித்து உச்ச நீதிமன்றம் சொன்னது. 2022 மே மாதம் மத்தியப் பிரதேசத்தின் சுரேஷ் மகாஜன் வழக்கில் அதையே இன்னும் கடுமையாகச் சொன்னது. புதிய மக்கள்தொகைக் கணக்கு வரட்டும் என்ற வாதத்துக்கும் இடமில்லை: கடைசியாக வெளியான கணக்கே மக்கள்தொகை என்று 243-வது பிரிவே வரையறுக்கிறது. தேர்தல் இல்லாவிட்டால் என்ன போகிறது என்று கேட்பவர்களுக்கு ஒன்று: மாவட்டத் திட்டக் குழு உறுப்பினர்களில் ஐந்தில் நான்கு பங்குக்குக் குறையாதவர்கள் மாவட்ட ஊராட்சி, நகர உள்ளாட்சி உறுப்பினர்களிலிருந்தே தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். மஞ்சள் சீட்டுப் பக்கம் காலியாகக் கிடந்தால் அந்தக் குழுவில் கிராமத்துக்குக் குரலே இல்லை.

புளியரைச் சோதனைச்சாவடியைத் தாண்டினால் கேரளம். அங்கே 1995-லிருந்து ஐந்தாண்டுக்கு ஒருமுறை உள்ளாட்சித் தேர்தல் நடந்து வருகிறது. கோவிட் காலத்தில்கூட 2020 டிசம்பரில் முடித்துவிட்டார்கள். ஒரே மலையின் இரண்டு பக்கத்திலும் அரசியலமைப்பு ஒன்றுதான்.

எங்கள் கோரிக்கைகள் இவை.

27 மாவட்டங்களுக்கும் தேர்தல் அட்டவணையைத் தேதியோடு அறிவியுங்கள். ஒன்பது மாவட்டங்களில் தனி அலுவலர் என்ற பேச்சே எழாதபடி, 2026 அக்டோபரில் பதவிக்காலம் முடியுமுன் தேர்தலை முடியுங்கள். ஏதாவது ஒரு மாவட்டத்தில் மறுவரையறை முடியாவிட்டால், நடப்பில் உள்ள வார்டுகளிலேயே நடத்துங்கள்.

மறுவரையறை வரைவை வெளியிடும்போது வார்டு எண்ணும் ஊராட்சிப் பெயரும் மட்டும் போதாது. ஒவ்வோர் ஊராட்சிக்கும் எதிரே 1996 முதல் அது எந்தெந்த மாவட்ட வார்டில் இருந்தது, அந்த வார்டு யாருக்கு ஒதுக்கப்பட்டிருந்தது, 2011 மக்கள்தொகை எவ்வளவு என்ற மூன்றையும் சேர்த்து வெளியிடுங்கள். மாவட்டம் மாறிய ஊராட்சிகளுக்குப் பழைய மாவட்டத்தின் வார்டையும் குறிப்பிடுங்கள். ஆட்சேபனைக்குக் குறைந்தது 30 நாள் கொடுங்கள். வரைவை ஊராட்சி அலுவலகப் பலகையிலும் ஒட்டுங்கள். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு வந்து பார்க்கச் சொன்னால் குருவிகுளத்துக்காரர் ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும். வந்த ஆட்சேபனைகளையும், ஏற்றது எது தள்ளியது எது, ஏன் என்பதையும் இறுதி அரசிதழோடு சேர்த்து வெளியிடுங்கள்.

1996, 2001, 2006, 2011, 2019, 2021 தேர்தல்களின் மாவட்ட வார்டு முடிவுகளை ஒரே அமைப்பில், ஒரே இடத்தில் தாருங்கள்: மொத்த வாக்காளர், பதிவான வாக்கு, செல்லாதவை, ஒவ்வொரு வேட்பாளரின் வாக்கு. இடைத்தேர்தல்களையும், 2022 ஜூலை 9 அன்று நடந்தவை உட்பட, அந்தந்த வார்டுக்குக் கீழேயே சேருங்கள்; இல்லாவிட்டால் இறந்துபோனவரும் ராஜினாமா செய்தவரும் பட்டியலில் கவுன்சிலராகவே நீடிக்கிறார்கள். படம் பிடித்த தாளாக வேண்டாம், தேடக் கூடிய அட்டவணையாக வேண்டும்.

வரும் தேர்தலில் மஞ்சள், பச்சை இரண்டுக்கும் ஊராட்சி வாரியான எண்ணிக்கைப் படிவத்தைக் கட்டாயமாக்குங்கள். முகவர்களிடம் கையெழுத்து வாங்கி, முடிவு அறிவித்த ஏழு நாளுக்குள் வெளியிடுங்கள். எண்ணிக்கை அலுவலர் பயிற்சியில் செல்லாத வாக்கைக் காரணம் பிரித்து எழுதக் கற்றுக்கொடுங்கள்.

2019 தேர்தலில் மாவட்ட வார்டு வேட்பாளரின் செலவு வரம்பு ரூ.1,70,000. தேர்தல் முடிந்து 30 நாளுக்குள் கணக்குக் கொடுக்க வேண்டும் என்பது விதி. கொடுத்தவர் யார், கொடுக்காதவர் யார் என்ற பட்டியலையும் அதே வார்டுப் பக்கத்தில் போடுங்கள்.

இவற்றில் எவையெல்லாம் முடியும், எவை முடியாது, முடியாதென்றால் எந்த விதி தடுக்கிறது என்பதை எழுத்துப்பூர்வமாக, மறுவரையறை வரைவு வெளியாகுமுன் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தென்காசி, திருநெல்வேலி மாவட்டங்களில் உள்ளாட்சித் தேர்தல் விவரங்களைத் தொகுத்துவரும் வாக்காளர்கள்